தெருவில் நிற்கும் இளையோரும் விவரணப் புகைப்படமும்: ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

நகரத் தெருக்களில் அலைந்து திரியும் கட்டிளமைப் பருவத்தினரைப் பொருளாகக் கொண்ட படங்கள், விவரணப் புகைப்படத்தின் வரலாற்றில் ஒரு தனிக்கிளையாகவே வளர்ந்துள்ளன. இலண்டன், நியூ யோர்க், சியற்றில், கல்கத்தா என நகரங்கள் மாறுகின்றன. ஆயினும், சுவரோரத்தில் ஒடுங்கிக் கிடக்கும் சிறுவனும் கமராவை நேர்கொண்டு முறைத்து நோக்கும் சிறுமியும் மாறுவதில்லை. இப்படங்கள் பார்ப்போரிடத்தே இரக்கத்தையும் சிற்சில வேளைகளில் வெட்கத்தையும் எழுப்புகின்றன என்பதில் ஐயமில்லை. அவை எதனைக் காட்டுகின்றன, எதனைக் காட்ட இயலாது போகின்றன என்பதே இங்கு நாம் ஆராய முற்படும் வினாவாகும். வெலிமடையிலும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களிலும் நின்று இவ்வினாவை எழுப்புவோர்க்கு அது வெறும் அழகியல் வினாவாக அமைதல் இயலாது. இங்கிருந்து கொழும்புக்குத் தொழில் தேடிச் செல்லும் நம் பிள்ளைகளின் துன்பம், அத்தகைய படம் எதிலும் பெரும்பாலும் அகப்படுவதில்லை என்பதே காரணம்.

இக்கிளையின் தொடக்கத்தை 19 ஆம் நூற்றாண்டின் இலண்டனிற் காணலாம். கிழக்கு இலண்டனில் அநாதைச் சிறுவர்க்கு இல்லங்கள் அமைத்த தோமஸ் பர்னாடோ, தம் இல்லத்திற் சேர்க்கப்பட்ட பிள்ளைகளைப் படம்பிடிக்கும் வழக்கத்தை 1870களிற் கைக்கொண்டார். 1874 தொடக்கம் 1905 இல் அவர் இறக்கும் வரையில் ஏறத்தாழ 55,000 படங்கள் இவ்வாறு சேர்ந்தன. தெருவிலிருந்து வந்த நிலையில் ஒன்றும் இல்லத்தில் வளர்ந்த நிலையில் ஒன்றுமாக இரு படங்களைச் சோடியாக அச்சிட்டு, நன்கொடை திரட்டுவதற்காக அவர் விற்பனை செய்தார். பிள்ளைகளின் கந்தையை மேலும் கிழித்து, இல்லாத கோலத்தைப் புனைந்து படம் எடுக்கப்பட்டதென்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, 1877 இல் மத்தியத்தர் குழுவொன்று அதனை விசாரித்தது. ஏனைய குற்றச்சாட்டுகள் பலவற்றிலிருந்து அவரை விடுவித்த அக்குழு, படங்களைப் பொறுத்தவரை அவற்றிற் புனைவு கலந்திருந்ததைக் கண்டித்தது. இங்கு மனங்கொள்ளத்தக்கது புனைவு மட்டுமன்று. முதற் படத்துக்கும் இரண்டாம் படத்துக்கும் இடையில் ஒரேயொரு காரணியே செயற்படுவதாக அச்சோடி உணர்த்துகின்றது. அது கொடையாளியின் கருணை. துறைமுகக் கூலியின் நிலையின்மை, வாடகைச் சேரிகள், வறியோர் சட்டம் என்பவற்றுக்கு அவ்விரு படங்களுக்கிடையில் இடமில்லை.

அத்திலாந்திக்கின் மறுகரையில், டென்மார்க்கிலிருந்து குடியேறிப் பொலிஸ் செய்தியாளராகப் பணியாற்றிய ஜேக்கப் ரீஸ், 1890 இல் வெளியிட்ட நூலின் வாயிலாக நியூ யோர்க் சேரிகளை நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைக்குக் கொண்டு சென்றார். மல்பெரித் தெருவிற் படிக்கட்டோரமாக உறங்கும் சிறுவரின் படம் அவருடையது. நல்ல பகல் வெளிச்சத்திற் பிடிக்கப்பட்ட அப்படத்திற் சிறுவர் உறங்குவதாக நடிக்கின்றனர் என்பது பலரும் சுட்டிக்காட்டியதே. நம்மைப் பொறுத்தவரை அது பெருங்குற்றமன்று. உண்மையிலேயே அச்சிறுவர் இரவில் அவ்வாறுதான் உறங்கினர். நோக்குவோன் ஒருவன், நோக்கப்படுவோன் ஒருவன் என்ற பிரிவினை அங்கு நிலைபெற்றுவிட்டமையே கவனத்துக்குரியது. நோக்குவோனுக்குச் சட்டமியற்றும் வலு உண்டு, வாக்கு உண்டு, புத்தகம் வாங்கப் பணமும் உண்டு. நோக்கப்படுவோனுக்கு முகம் மட்டுமே உண்டு.

இவ்வொழுங்கிலிருந்து ஓரளவேனும் விலகிச் சென்றவர் லூயிஸ் ஹைன் ஆவார். ஆசிரியராகவும் சமூகவியல் பயின்றவராகவும் இருந்த அவரை, அமெரிக்க தேசியச் சிறுவர் தொழிற் குழு 1908 இற் பணிக்கமர்த்தியது. பருத்தி ஆலைகள், நிலக்கரிச் சுரங்கங்கள், கண்ணாடித் தொழிற்சாலைகள், நகரங்களிற் பத்திரிகை விற்கும் சிறுவர்கள் எனப் பல்லாயிரம் படங்களை அவர் எடுத்தார். வேதாகமம் விற்பவராகவும் தீயணைப்புப் பரிசோதகராகவும் வேடமிட்டு ஆலைகளுள் நுழைந்தார் என்ற செய்தி சுவையானது. எனினும் அவருடைய உண்மையான சாதனை, படத்தின் கீழ் அவர் எழுதிய குறிப்பிலேயே தங்கியுள்ளது. தமது மேற்சட்டையின் பொத்தான்களை அளவுகோலாகக் கொண்டு பிள்ளையின் உயரத்தைக் கணித்து, சட்டைப்பைக்குள் மறைத்து வைத்த குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். 1908 இல் வட கரோலினாவின் விற்னெல் பருத்தி ஆலையில் நூற்கும் பொறியருகே நிற்கும் சிறுமியின் படம் இதற்குச் சிறந்த சான்று. அவளது உயரம் 51 அங்குலம். ஆலையில் ஓராண்டாக வேலை. சில நாட்களில் இரவிலும் வேலை. நாட்கூலி 48 சதம் என்று குறிப்புச் சொல்கின்றது. வயதைக் கேட்டபோது தயங்கி, நினைவில்லை என்று கூறி, பின்னர் வேலை செய்யும் வயது தனக்கு ஆகவில்லையென்றும் இருந்தும் செய்வதாகவும் இரகசியமாகச் சொன்னாள் என்பதும் அதில் உண்டு. இக்குறிப்பை மறைத்துப் படத்தை மட்டும் பார்த்தால், பொறிகளுக்கிடையே மெலிந்த சிறுமியொருத்தி நிற்பதைக் காண்கிறோம். குறிப்போடு பார்க்கும்போதோ, கூலி, வேலை நேரம், சட்டம், சட்டத்தை மீறுவதன் இலாபம் என்பன அச்சிறுமியின் தோளின் மேல் வந்து நிற்கின்றன.

ஹைனின் படங்களே சிறுவர் தொழிலை ஒழித்தன என்ற கூற்று மிகையானது. 1916 இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டத்தை உயர் நீதிமன்றம் 1918 இற் செல்லாதாக்கியது. நிலையான சட்டம் 1938 இல், பெருமந்தத்தின் பின், தொழிலாளர் இயக்கம் வலுப்பெற்ற சூழலிலேயே வந்தது. ஹைன் தாமும் வீட்டையிழந்து, அரச உதவியை நம்பி, 1940 இல் வறுமையில் இறந்தார்.

படமும் சொல்லும் பற்றிய இப்பிரச்சினையைக் கோட்பாட்டளவிற் கூர்மையாக எடுத்துரைத்தவர் பிரெக்ற் ஆவார். குருப் ஆலையின் புகைப்படமொன்று அந்நிறுவனத்தைப் பற்றி ஏறக்குறைய எதனையும் கூறுவதில்லை என்பது அவரது வாதம். ஆலை என்பது கட்டடமன்று, அது மனிதருக்கிடையிலான உறவு. அவ்வுறவு கட்டடத்தின் முகப்பிற் புலப்படுவதில்லை. 1931 இல் வோல்ற்றர் பென்யமின் புகைப்படத்தின் வரலாறு குறித்து எழுதியபோது இக்கருத்தை எடுத்தாண்டு, படக்குறிப்பு இன்றியமையாததாகும் காலம் வருமென்றார். பிற்காலத்தில் மார்த்தா றொஸ்லர் இதனை ஓர் எல்லைக்கே கொண்டு சென்றார். குடிகாரருக்குப் பெயர்போன நியூ யோர்க்கின் பவறித் தெருவை அவர் 1974-75 இற் படம்பிடித்தபோது, குடிகாரர் ஒருவரைக் கூடக் காட்டவில்லை. மூடிய கடைவாயில்களையும் வெற்றுப் போத்தல்களையும் ஒருபுறம் வைத்து, மறுபுறத்திற் குடிவெறிக்கு மக்கள் வழங்கும் சொற்களைத் தட்டச்சிட்டு வைத்தார். இரண்டுமே போதாத விவரிப்பு முறைகள் எனத் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார். இது மதிக்கத்தக்க நேர்மை. ஆனால், துன்புறுவோரைக் காட்டாது விடுவதையே தீர்வெனக் கொண்டால் நம்போன்றோர் எங்கே நிற்பது? ஏற்கெனவே எவராலும் காட்டப்படாதவரை மேலும் காட்டாது விடுவதிற் புரட்சி ஏதுமில்லை.

இவ்விடத்தில் மேரி எலன் மார்க்கின் பணி ஆழ்ந்து நோக்கத்தக்கது. பம்பாயின் போக்லண்ட் வீதிப் பாலியற் தொழிலாளரைப் படம்பிடித்து 1981 இல் நூலாக வெளியிட்ட அவர், 1983 இல் 'லைஃப்' சஞ்சிகைக்காக, செய்தியாளர் ஷெரில் மக்கோலுடன், வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைகளைத் தேடிச் சியற்றில் நகருக்குச் சென்றார். அமெரிக்காவில் வாழ்வதற்கு மிக உகந்த நகரெனப் பெயரெடுத்திருந்தமையாலேயே சியற்றில் தெரிவு செய்யப்பட்டது. அங்கு பைக் தெருவிற் குப்பைத்தொட்டியில் உணவு தேடியும், சில்லறை கேட்டும், உடலை விற்றும், ஒருவருக்கொருவர் காவலாகவும் வாழ்ந்த பிள்ளைகளோடு அவர் பழகினார். அவருடைய கணவர் மார்ட்டின் பெல் அதே பிள்ளைகளை வைத்து எடுத்த 'ஸ்ட்றீற்வைஸ்' எனும் விவரணத் திரைப்படம் 1984 இல் வெளிவந்தது. படங்களின் நூல் 1988 இல் வந்தது. 'டைனி' என அழைக்கப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுமியொருத்தி, கறுப்பு ஆடையும் முகத்தை மறைக்கும் வலைத்துணியுமாக, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம் உலகெங்கும் அறியப்பட்டது. அது அவள் ஹலோவீன் நாளுக்காக அணிந்த வேடம் என்பதைப் பலர் அறியார். துக்கம் காக்கும் முதிர்ந்த பெண்ணாகவே அவளைக் காண்கின்றனர்.

சியற்றில் படங்களிடம் நாம் எழுப்பத்தக்க முதல் வினா, சியற்றில் எங்கே என்பதாகும். விமான உற்பத்தியை நம்பிய அந்நகரம் 1970களின் தொடக்கத்திற் பெரும் ஆட்குறைப்பைக் கண்டது. 1981-82 இன் பொருளாதாரப் பின்னடைவும் றேகன் ஆட்சியின் சமூகநலச் செலவுக் குறைப்பும் அதன்பின் வந்தன. இவற்றுள் எதுவும் அச்சட்டகத்துள் வருவதில்லை. தந்தை சிறையில், தாய் மதுவில், பிள்ளை தெருவில் என்ற குடும்பக் கதையாகவே அனைத்தும் சுருங்குகின்றன. பார்ப்போன் குடும்பத்தைக் குறைகூறி மனநிறைவடையலாம்.

ஆயினும் மார்க்கை இவ்வளவோடு புறந்தள்ளுவது நீதியாகாது. சஞ்சிகைப் பணி முடிந்ததும் அவர் விலகிச் செல்லவில்லை. 2015 இல் தாம் இறக்கும் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக டைனியை மீண்டும் மீண்டும் சென்று படம்பிடித்தார். தெருச் சிறுமி பத்துப் பிள்ளைகளின் தாயாகிறாள்; பருக்கிறாள்; களைக்கிறாள்; தன் பிள்ளைகளை எண்ணி அஞ்சுகிறாள். அவரது இறப்பின் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் நூலை முதல் நூலோடு சேர்த்துப் பார்க்கும்போது, பர்னாடோவின் சோடிப்படத்துக்கு நேரெதிரான ஒன்று பிறக்கின்றது. இங்கும் முன்னும் பின்னும் உண்டு. ஆனால் இடையில் எவருடைய கருணையும் வாழ்வை மாற்றிவிடவில்லை. வறுமை தன்னைத்தானே மறுவுற்பத்தி செய்துகொள்ளும் முறையை, கோட்பாட்டுச் சொல் எதுவுமின்றி, காலம் காட்டிவிடுகின்றது. ஹைன் குறிப்பினாற் செய்ததை மார்க் ஆண்டுகளினாற் செய்தார் எனலாம்.

இனி நம்மிடத்துக்கு வருவோம். மலையகத் தமிழரை நோக்கிக் கமரா எப்போது, எவருடைய கையில் வந்தது? தோட்டப் பயிர்ச்செய்கையின் தொடக்க காலத்திலேயே கொழும்பிலும் கண்டியிலும் படப்பிடிப்பு நிலையங்கள் இயங்கின. ஸ்கீன், ஸ்கோவன், பின்னர் பிளாட்டே ஆகிய நிறுவனங்கள் எடுத்த படங்கள் அட்டைகளாகவும் தொகுப்புகளாகவும் ஐரோப்பாவுக்குச் சென்றன. கொழுந்துக் கூடையும் மூக்குத்தியுமாக நிற்கும் பெண், பெயரற்றவளாக, ஓர் இனத்தின் மாதிரியாக அவற்றில் நின்றாள். 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் ஊவாவில் அப்புத்தளைக்கருகே தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் குவளைக்கு என்ற பொருள்பட அவர் செய்த விளம்பரங்களிலும் அப்பெண்ணே நின்றாள். பண்டமும் அதனை உற்பத்தி செய்தவளும் ஒரே படத்தில் தோன்றுவது புதுமையே. ஆனால் அவளுடைய உழைப்பு அங்கு பண்டத்தின் அலங்காரமாகிவிட்டது.

விவரணத் திரைப்பட வரலாற்றின் செவ்வியல் ஆக்கங்களுள் ஒன்றெனக் கொள்ளப்படும் 'சோங் ஒவ் சிலோன்' 1934 இல் பசில் றைற்றின் இயக்கத்தில், ஜோன் கிரியர்சனின் தயாரிப்பில் உருவானது. அதற்குப் பணம் வழங்கியது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. நம் நாட்டுப் புகைப்படக் கலையின் முன்னோடியான லயனல் வென்ட் அதற்குக் குரல் கொடுத்தார். சிங்களக் கிராமத்தின் வழிபாடும் நடனமும் கடலும் அதில் ஒப்பற்ற அழகோடு விரிகின்றன. தேயிலைப் பணத்தில் எடுக்கப்பட்ட அப்படத்தில், லயத்தின் கதவு மட்டும் திறக்கப்படவேயில்லை.

அக்கதவைக் கமரா தட்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. 1973 இல் பிரித்தானியாவின் கிரனாடாத் தொலைக்காட்சி, 'வேர்ல்ட் இன் அக்ஷன்' எனும் தனது நிகழ்ச்சித் தொடரில், பிரித்தானியக் கம்பனிகளுக்குரிய இலங்கைத் தோட்டங்களின் நிலையை ஒளிபரப்பியது. அக்காலத்தையொட்டியே பெரும் பஞ்சமும் வந்தது. பங்கீட்டு மாவும் அரிசியும் குறைந்து, வேலைநாட்களும் குறைந்து, 1973 முதல் 1975 வரை தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. குடும்பங்கள் மலையக நகரத் தெருக்களிற் கையேந்தி நின்றன; பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி என வடக்கே பெயர்ந்தன. 1975 இற் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமாயின. நம் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகத் தெருவிற் காணப்பட்ட காலம் அது. அப்போது படம்பிடிப்பவனுக்குப் பொருள் எளிதிற் கிட்டியது. தெருவில் வீழ்ந்த துன்பமே காட்சிக்குரியது என்ற விவரண மரபின் இலக்கணத்துக்கு அது பொருந்தியது.

இலங்கையின் தெருப் புகைப்படங்களுள் யாவரும் அறிந்தது 1983 ஜூலையிற் பொரளையில் எடுக்கப்பட்டதாகும். கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' நாளேட்டிற் பணியாற்றிய சந்திரகுப்த அமரசிங்க எடுத்த அப்படத்தில், நிர்வாணமாக்கப்பட்ட தமிழ் இளைஞன் ஒருவன் குறுகி அமர்ந்திருக்க, அவனைச் சூழ்ந்து இளைஞர் சிலர் களிக்கின்றனர். அதே வாரத்தில் பதுளையும் எரிந்தது. அப்படத்தை நாம் எப்போதும் பாதிக்கப்பட்டவனின் படமாகவே பார்த்து வந்துள்ளோம். அது சரியே. ஆயினும் அச்சட்டகத்தில் நகரத்து இளையோரும் நிற்கின்றனர். 1977 இன் பின்னான திறந்த பொருளாதாரத்திற் கொழும்பின் தெருக்கள் எவரை உருவாக்கின, எவர் அவர்களைத் தெருவில் இறக்கினர் என்ற வினாக்களுக்குப் படம் தனியே விடை தராது. அவ்விளைஞனின் பெயர் அப்படத்துடன் வருவதில்லை. எங்கிருந்து அங்கு வந்தான், என்ன தொழில் செய்தான் என்பதும் வருவதில்லை.

வெலிமடை நகரின் பேருந்து நிலையத்தில் எந்தவொரு விடியலிலும் நின்று பார்ப்போர், துன்பத்தின் காட்சி எதனையும் காணார். உமா ஓயாப் பள்ளத்தாக்கின் மரக்கறி மூட்டைகள், கெப்பெட்டிப்பொலச் சந்தைக்குச் செல்லும் லொறிகள், நுவரெலியா, பண்டாரவளைப் பேருந்துகள் என வழமையான பரபரப்பே அங்கிருக்கும். அவற்றுக்கிடையே, தலைவாரி, நல்ல சட்டையணிந்து, ஒரு பையுடன் நிற்கும் பதினாறு, பதினேழு வயதினர் சிலரையும் காணலாம். சாதாரண தரப் பரீட்சையோடோ அதற்கு முன்னரோ படிப்பை நிறுத்தியவர்கள் அவர்கள். சிலர் அயற்கிராமத்து உருளைக்கிழங்குத் தோட்டங்களில் நாட்கூலிக்குச் சென்று பார்த்தவர்கள். இப்போது கொழும்பின் புறக்கோட்டைப் புடவைக்கடைக்கோ, வெள்ளவத்தைச் சாப்பாட்டுக்கடைக்கோ, எவரோ ஒருவரின் சமையலறைக்கோ செல்கின்றனர். பண்டிகைக்கு வீடு திரும்பும்போது புதிய சட்டையும் கைத்தொலைபேசியும் இருக்கும். தெருச் சிறுவர் எனும் வகைக்குள் இவர்களை எவரும் அடக்கார். ஏனெனில் இவர்கள் தெருவில் இல்லை. கடையின் பின்புறத்திலும், மேல்மாடித் தட்டிலும், மூடிய வாயிற்கதவின் உட்புறத்திலும் இருக்கின்றனர்.

விவரண மரபின் குருட்டிடம் இதுவேயாகும். துன்புறும் இளமையைத் தெருவோடு அது ஒன்றாக்கிவிட்டது. குடும்பத்திலிருந்து அறுந்து, தொழிலின்றி, வெளியில் விழுந்தவனே அதன் நாயகன். மலையகத்துப் பிள்ளையோ குடும்பத்திலிருந்து அறுந்தவனல்லன், குடும்பத்துக்காகவே அனுப்பப்பட்டவன். தொழிலற்றவனுமல்லன், ஓய்வற்ற தொழிலில் இருப்பவன். அவனது துன்பம் உழைப்பின் உள்ளே இருக்கின்றது. தெருவில் நிற்கும் கமரா அதனை எவ்வாறு காணும்?

2009 ஆகஸ்டில், கொழும்பில் வீட்டுவேலைக்கு வந்த மஸ்கெலியாப் பகுதித் தோட்டச் சிறுமியர் இருவர் கால்வாயொன்றிற் பிணமாகக் கிடந்தனர். 2021 ஜூலையில், டயகமப் பகுதியிலிருந்து வந்து அரசியல்வாதி ஒருவரின் கொழும்பு இல்லத்தில் வேலைசெய்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு உயிரிழந்தாள். அதே ஆண்டின் தொடக்கத்திலேயே, தொழிலுக்கமர்த்தத்தக்க ஆகக்குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆகச் சட்டத்தால் உயர்த்தப்பட்டிருந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 1,000 ரூபாவானதும் அதே ஆண்டிற்றான். அட்டனிலும் வேறு நகரங்களிலும் மக்கள் ஏந்திய பதாகைகளில் அச்சிறுமியின் முகம் இருந்தது. அது எந்த விவரணக் கலைஞனும் எடுத்த படமன்று. உயிரோடிருந்தபோது எடுத்த சாதாரணப் படம். பெருநகரில் அவள் உழைத்த வாழ்வைக் காட்டும் படம் எதனையும் நாம் காணவில்லை. இறந்த பின்னரே அவள் தெருவுக்கு வந்தாள், அதுவும் படமாக.

சாதாரணப் படம் என்றேன். மலையகத்தில் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1948 இன் சட்டத்தாற் குடியுரிமை மறுக்கப்பட்டு, 1964 இன் ஒப்பந்தத்தால் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்ட மக்களுக்கு, ஸ்டூடியோ என்பது பெரும்பாலும் கடவுச்சீட்டுக்காக முகங்கொடுத்து நின்ற இடமாகும். 1984 வரை தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறியோரின் முகங்கள் அவ்வாறு பதிவாயின. 1972 இல் நடைமுறைக்கு வந்த தேசிய அடையாள அட்டைக்கும் படம் வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவும் குடியுரிமைச் சான்றும் இல்லாதார்க்கு அந்த அட்டையே எட்டாக்கனி. போர்க்காலத்திற் கொழும்பில் வேலைசெய்த மலையக இளைஞர், சோதனைச் சாவடியிலும் விடுதிச் சுற்றிவளைப்பிலும் அவ்வட்டை இன்மையாற் பட்ட பாடு அக்குடும்பங்களில் இன்றும் பேசப்படுவது. அலன் செக்குலா 1986 இல் எழுதிய ஆய்வொன்றில், 19 ஆம் நூற்றாண்டிற் கௌரவத்துக்குரிய உருவப்படமும் குற்றவாளியின் பொலிஸ் படமும் ஒரே ஆவணக் கிடங்கின் இரு முனைகளாக வளர்ந்ததை விளக்குகிறார். நம் பிள்ளைகளுக்கு இவ்விரு முனைகளுக்கும் இடையே தூரமே இருக்கவில்லை. அடையாள அட்டையில் உள்ள ஒரே முகம் அவனைக் குடிமகனாகவும் காட்டும், சந்தேகத்துக்குரியவனாகவும் காட்டும்.

கமரா செல்லாத இடத்துக்கு மலையக எழுத்துச் சென்றுள்ளது என்பதையும் இங்கு குறிப்பிடல் வேண்டும். சி.வி. வேலுப்பிள்ளை 1970 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'போர்ன் ற்று லேபர்' தோட்டத்து மாந்தரை ஒருவர் ஒருவராகச் சொற்சித்திரமாக்கியது. ஊவாவிற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' எனும் சிறுகதை, ஒரே காம்பராவில் முழுக் குடும்பமும் படுத்துறங்க வேண்டிய நிலை மனித உறவை என்ன செய்கின்றது என்பதை எந்தப் படமும் காட்டாத அளவுக்குக் காட்டியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்குள் கமராவை வைத்துப் பின்வாங்கி நிற்க இடமில்லை என்பது வேடிக்கையாகச் சொல்லத்தக்கதே. ஆனால் அது உண்மையுங்கூட.

கமராவைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்துவிடலாம் என்ற தீர்வும் முன்வைக்கப்பட்டுள்ளது. கல்கத்தாவின் சோனாகச்சியிற் பாலியற் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்பித்த அனுபவத்தை வைத்து ஸானா பிரிஸ்கியும் றொஸ் கவ்ப்மனும் எடுத்த விவரணத் திரைப்படம் 2004 இல் வெளிவந்து ஒஸ்கார் விருதும் பெற்றது. பிள்ளைகளின் படங்களில் உயிரிருந்தது. ஆயினும் கதையின் மையம் அவர்களை விடுதிப் பள்ளிகளுக்கு மீட்டுச் செல்லும் வெளிநாட்டுப் பெண்ணாகவே அமைந்தது. பர்னாடோவின் இரண்டாம் படம் மறுபடியும் வந்துவிட்டது. இதனினும் வேறான வழியொன்றைத் தமிழ்நாட்டின் எம். பழனிக்குமாரிடம் காண்கிறோம். மதுரையில் மீன் விற்கும் தாயின் மகனான அவர், மலக்குழியில் இறந்த தூய்மைப் பணியாளரின் குடும்பங்களையும், பின்னர் தம் தாயின் உழைப்பையும் படம்பிடித்தார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் கற்பித்தும் வருகிறார். இங்கு நோக்குவோன் மேலேயிருந்து வந்தவனல்லன். தாய் மீன் வாங்கச் செல்லும் நேரமும், அவள் பட்ட கடனும் அவன் தேடியறிந்த தகவல்களல்ல. அவன் வளர்ந்த சூழலே அவை. குறிப்பு எழுதுவதற்கு அவன் எவரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

ஊவாவில் இப்பணி தொடங்குமாயின், அது தெருவிலன்றித் தோட்டத்தின் சம்பளத்துண்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது எமது கருத்து. வெலிமடைப் பேருந்து நிலையத்திற் பையுடன் நிற்கும் அவ்விளைஞனைப் படம்பிடிப்போர், ஹைனின் வழியில் அவனிடம் கேட்க வேண்டியவை பல. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனையாம் லயம்? 1992 இல் தோட்டங்கள் 22 பிராந்தியக் கம்பனிகளின் முகாமைக்குக் கையளிக்கப்பட்ட பின் அத்தோட்டத்திற் கைவிடப்பட்ட மலைகள் எத்தனை? கடந்த மாதம் தாய்க்கு எத்தனை நாட் பேர் விழுந்தது? நிறை குறைந்ததால் எத்தனை நாள் அரைப்பேராயிற்று? துண்டிற் சேமலாப நிதிக்கு 8 வீதம் போக, சங்கச் சந்தாவுக்கும், தீபாவளி முற்பணத்துக்கும், தேயிலைத்தூளுக்கும் வெட்டியது எவ்வளவு? தமிழ்மொழி மூலம் விஞ்ஞானம் கற்பிக்கும் உயர்தரப் பாடசாலை எத்தனை மைல் தொலைவில், அங்கு செல்லப் பேருந்துக் கட்டணம் எவ்வளவு? கொழும்புக் கடையை அவனுக்குக் காட்டிக்கொடுத்தவர் யார், அவருக்கு முதற் சம்பளத்தில் எவ்வளவு? அங்கு வேலை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், அவன் உறங்குமிடம் எது? பத்திரத்தில் எழுதிய வயது என்ன, உண்மை வயது என்ன? அதன்பின், அவன் சம்மதித்தால், படம்.